ஒற்றை வெபர்

போர்ஷே 914-இன் எஞ்சின் மூடியைத் தூக்கியதும் நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டர் தெரிந்தால், விஷயம் தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மாட்டச் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. போர்ஷேயே இந்தக் காரை ஒற்றைக் கார்புரேட்டருடன் விற்றதில்லை. ஐரோப்பாவுக்குப் போன 1.8 லிட்டர் வண்டிக்குக்கூட இரண்டு வைத்துத்தான் அனுப்பியது. ஆனாலும் அந்த ஒற்றைமேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. அதன் கோளாறுகள் அத்தனையும் தெரிந்த பிறகும் விடாத பிரியம்.

வண்டியை அறியாதவர்களுக்காக: ஃபோக்ஸ்வேகனும் போர்ஷேயும் கூட்டாக 1969-இல் கொண்டுவந்த இரண்டு இருக்கைக் கார் இது. 1976 வரை வந்தது. எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் இருந்தது ஃபோக்ஸ்வேகன் 411-இலிருந்து வந்த நாலு சிலிண்டர் எஞ்சின். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று தட்டையாகப் படுத்திருக்கும். ரேடியேட்டர் கிடையாது, விசிறிக் காற்றுதான். 1.7 லிட்டருக்கு 80 குதிரைத்திறன். 1973-க்கு வந்த 2.0 லிட்டருக்கு ஐரோப்பாவில் 100.

இந்த இரண்டுக்கும் பெட்ரோல் ஊட்டியது போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் வயதானதும் பிரஷர் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு விரிசல் விட்டது. வயர்கள் தொட்டால் ஒடிந்தன. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இன்ஜெக்‌ஷனுக்கென்றே இருந்த பாயிண்டுகள் தேய்ந்தன. நோய் எதுவென்று கண்டுபிடிக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைவு. அப்போது கையில் கிடைத்த மலிவான வைத்தியம்தான் வெபர் 32/36 கிட். ஒரு கார்புரேட்டர், அதிலிருந்து இருபுறமும் கைநீட்டிப் போகும் குழாய்கள், ஒரு ஏர் ஃபில்டர். அவ்வளவுதான்.

வெபர் 1923-இல் போலோனியாவில் தொடங்கிய கம்பெனி. 32/36-க்கு இரண்டு தொண்டைகள். ஒன்று 32 மில்லிமீட்டர், இன்னொன்று 36. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மேலிருந்து எட்டிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தால் சின்னத் தொண்டையின் தகடு மட்டும் திரும்பும். அதே நொடியில் பம்ப் முனையிலிருந்து ஊசி கனத்தில் பெட்ரோல் பீய்ச்சும். பெரிய தொண்டை அசையாது. சின்னது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திறந்த பிறகே பெரியது கண் விழிக்கும். பிறகு அவசர அவசரமாகத் திறந்து, மிதி தரை தொடும்போது இரண்டும் ஒன்றாக முழுதும் திறந்து நிற்கும். இதைச் செய்வது எந்த எலெக்ட்ரானிக்ஸும் இல்லை. கோணம் மாற்றி வெட்டிய இரண்டு சின்ன நெம்புகோல்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்தக் கார்புரேட்டர் சின்னது, அதனால்தான் வண்டி திணறுகிறது என்பார்கள். அது சரியில்லை. இதே 32/36 குடும்பம்தான் ஃபோர்டு கார்ட்டினா, காப்ரி வண்டிகளின் இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு ஒற்றை ஆளாக உழைத்தது. குற்றம் குழாய்களில் இருக்கிறது. ஃபோர்டில் கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இருக்காது. 914-இல் கலவை நடுவிலிருந்து கிளம்பி, எஞ்சினின் அகலத்தைக் கடந்து, வளைந்து இறங்க வேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஓடும் எஞ்சின் என்றால் வெந்நீரை மேனிஃபோல்டைச் சுற்றி ஓடவிட்டு ஈடுகட்டலாம். இங்கே தண்ணீருக்கு எங்கே போவது? ஈரக் காற்றடிக்கும் குளிர்காலையில் குழாயின் வெளிப்புறத்தில் முதலில் வியர்வை அரும்பும், பிறகு வெள்ளையாகப் பூக்கும். உள்ளேயும் அதே கதை. ஆவியாக வேண்டிய பெட்ரோல் சுவரில் படிந்து வழியும். எஞ்சினுக்குப் போய்ச் சேர்வது வெறும் காற்று மிகுந்த கலவை. மிதித்தால் ஒரு கணம் தொய்ந்து, இருமி, அப்புறம்தான் எழும்பும்.

பீட்டிலுக்கும் ஒற்றைக் கார்புரேட்டர்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அதில் கார்புரேட்டருக்கு அடியில் சைலன்சர் புகையைக் கடத்தும் ஒரு சின்னக் குழாயை ஒட்டவைத்து, மேனிஃபோல்டைச் சூடாக்க வழி செய்திருந்தார்கள். 914-க்கு வந்த கிட்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. நல்ல கைகாரர்கள் முதலில் கவனிப்பது இந்தச் சூட்டைத்தான்.

இன்னொரு வினோதம் உண்டு. இந்த எஞ்சின் 1-4-3-2 என்ற வரிசையில் எரியும். 1-உம் 2-உம் ஒரு பக்கம், 3-உம் 4-உம் மறுபக்கம். ஆக ஒரு பக்கத்து இருவரும் அடுத்தடுத்து மூச்சு வாங்குவார்கள், பிறகு மறுபக்கத்து இருவரும். தெருக்குழாயில் முன்னால் நின்றவர் குடத்தை நிரப்பிக்கொண்டு போனதும் அடுத்தவருக்குத் தண்ணீர் மெலிவதுபோல, இரண்டாவதாக இழுக்கும் சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தால் நிறத்திலேயே இந்த ஓரவஞ்சனை தெரியும். கார்புரேட்டரைக் குறுக்காக உட்கார வைத்துவிட்டால் இன்னும் மோசம், சின்னத் தொண்டை ஒரு பக்கத்துக்கு நெருங்கிய உறவாகிவிடும். இரு தொண்டைகளும் வண்டியின் நீளவாக்கில் நிற்க வேண்டும்.

டியூனிங்தான் இதில் ரசிக்கவேண்டிய கலை. பெட்ரோலை அளந்துவிடும் வெபர் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் அதன் துளையின் அளவு. 55 என்றால் 0.55 மில்லிமீட்டர். 55-ஐ எடுத்துவிட்டு 60 போட்டால் கூடுவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, ஆனால் இருமல் நின்றுவிடலாம். பம்ப் ஜெட்டையும் ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம். ஜெட்டுக்குப் போகும் முன் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்ப் தள்ளுவது சுமார் 2 பார் அழுத்தம். வெபரின் ஊசிவால்வு தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டி. பழைய பம்பை அப்படியே விட்டால் பெட்ரோல் பொங்கி வழியும். சூடான எஞ்சின்மேல் அது விளையாட்டில்லை. அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். பலரும் ஆசையாக மாட்டும் போஷ் 009-இல், தீப்பொறியின் நேரத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வேக்கம் அட்வான்ஸ் கிடையாது. ஏற்கெனவே தொய்கிற எஞ்சினுக்கு அது தொய்வைக் கூட்டித்தான் கொடுக்கும்.

எல்லாம் சரியாக அமைந்த ஒற்றை வெபர் வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். மேல் வேகத்தில் மூச்சு குறையும், உண்மைதான். இரட்டை வெபரின் உறுமல் முதுகுத்தண்டில் ஏறுவதும் இதில் இல்லை. ஆனால் வளைந்து ஏறும் குறுகலான சாலையில், மூன்றாவது கியரில், பாதி மிதியில், சின்னத் தொண்டை மட்டும் வேலை செய்ய வண்டி வழுக்கிக்கொண்டு போகும் சுகம் தனி. இரட்டைக் கார்புரேட்டர்காரர்கள் எஞ்சின் சூடாகி விரிந்ததும் லிங்கேஜ் மாறிவிட்டதே என்று அளவுக் கருவியோடு குனிந்து நிற்கும் வேளையில், இதை வைத்திருப்பவர் போய்க்கொண்டே இருக்கலாம். ஒன்றை எதனோடு சமன்படுத்துவது?

என் தீர்ப்பு இதுதான். இன்ஜெக்‌ஷன் முழுதாக இருந்தால் அதைத் தொடாதீர்கள், ஓட்டத்துக்கு அதை மிஞ்சியது இல்லை. பந்தயம்தான் வேண்டுமென்றால் இரட்டை வெபர் 40 வாங்குங்கள், கூடவே அதற்கேற்ற கேம் ஷாஃப்டும். இரண்டும் இல்லாமல், யாரோ எப்போதோ இன்ஜெக்‌ஷனைப் பிடுங்கிப் போட்ட வண்டி கைக்கு வந்தால், ஒற்றை வெபரை மாட்டிச் சூட்டுக்கு வழி செய்துவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள். கழற்றிய பழைய பாகம் ஏதாவது மிஞ்சியிருந்தால் மட்டும் எறிந்துவிடாமல் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.