இணையமும் இல்லத்து ஏற்றத்தாழ்வும்

கணினியும் இணைப்பும் உடையோர் ஒருபுறம், இல்லாதோர் மறுபுறம் என்று பிரித்துக் காணும் 'இலக்க இடைவெளி' என்னும் கருத்து 1990களில் பரவியது. இணைப்புப் பெற்றோரிடையேயும் பயன்படுத்தும் திறன் வேறுபடுவதை 2002இல் எஸ்தர் ஹர்கிட்டாய் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டி, அதனை இரண்டாம் நிலை இடைவெளி என்றார். இவ்விரு விளக்கங்களிலும் முழுமையாக அடங்காத ஒன்று நம் இல்லங்களில் உண்டு. கருவி இருக்கிறது, திறனும் இருக்கிறது, அதைத் தொடுவதற்கோ பிறருடைய இசைவு வேண்டியிருக்கிறது.

2019–21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்திய ஆண்களில் 57.1 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர்; பெண்களில் 33.3 விழுக்காட்டினரே. இஃது எல்லாச் சமயத்தாரையும் உள்ளடக்கிய கணக்கு. வறுமை ஒன்றே காரணமாயின், ஒரே கூரையின்கீழ் வாழும் உடன்பிறந்தாரிடையே இவ்வளவு வேற்றுமை தோன்றாது.

கேரளத்தில், மகளிர் விடுதியொன்றில் மாலை 6 மணிமுதல் இரவு 10 மணிவரை கைப்பேசியை ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்டது. மறுத்த முஸ்லிம் மாணவி ஒருவர் விடுதியினின்று நீக்கப்பட்டார். அவர் உயர்நீதிமன்றத்தை நாடினார். இத்தடை மகளிர் விடுதிக்கு மட்டுமே உரியதாயிருப்பது பாகுபாடு என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. 2019 செப்டம்பரில் நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் எனத் தீர்ப்பளித்து, மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்க ஆணையிட்டார். விடுதி மாணவியர் வயதுவந்தோர்; எப்போது, எவ்வாறு பயில்வது என முடிவு செய்ய வல்லோர் என்பதைக் கல்லூரியும் பெற்றோரும் உணரவேண்டும் என்றும் அத்தீர்ப்பு சுட்டியது.

'இணையம் ஃபித்னாவுக்கு வழிவகுக்கும். ஆகவே பெண் மக்களைக் காக்கிறோம்' என்பார் உளர். அவர்தம் அச்சத்தை நாம் எள்ளவில்லை. இணையத்தில் தீங்கு உண்டு. ஆயினும், அத்தீங்கு மகனை அணுகாதா? பார்வையைத் தாழ்த்தும் கட்டளை அந்நூர் அத்தியாயத்தில் முதலில் ஆண்களுக்கே விதிக்கப்பெற்றது (24:30); பெண்களுக்கு அடுத்த வசனத்தில் (24:31). ஒழுக்கம் இருபாலார்க்கும் பொதுவாக இருக்க, தடையை ஒருபாலார்மீது மட்டும் சுமத்துவது பேணுதல் ஆகாது. மகனுக்குப் பூட்டற்ற கைப்பேசியும் மகளுக்குக் கண்காணிப்பும் அளிக்கும் இல்லத்தில் காக்கப்படுவது மார்க்கமன்று, பழக்கமே.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் 2,000க்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்தார்கள். நபித்தோழர்களே அவர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார்கள். அன்று அறிவைத் தேடிச் செல்லும் வழி பெண்ணுக்கும் திறந்திருந்தது. இன்று கல்வி உதவித்தொகை, நுழைவுத் தேர்வு, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் வழி பெரும்பாலும் இணையமாகவே இருக்கையில், அதன் வாயிலில் மகளை மட்டும் நிறுத்தி வைப்பது எந்த நீதி? வீட்டுக்கு இணைப்பு வந்துவிட்டதா என்பதோடு நம் வினா முடிந்துவிடலாகாது. அவ்வீட்டில் அது யார் கையில் இருக்கிறது என்றும் நாம் கேட்டாகவேண்டும்.