காஜியும் களாவும்

வைகறைத் தொழுகை தவறிப்போனால் அதைப் பிறகு தொழுது ஈடுசெய்வதை மதுரை முஸ்லிம்கள் ‘களா’ என்பார்கள். நோன்பு விடுபட்டாலும் களாதான். பெரிய பள்ளிவாசல் இருக்கும் காஜிமார் தெருவின் பெயரில் உள்ள ‘காஜி’யும் இந்தக் ‘களா’வும் ஒரே அரபு வினையிலிருந்து வந்தவை.

பழைய அரபியில் அந்த வினை விரிந்த பொருளுடையது. தீர்ப்பளிப்பது, விதிப்பது, கடன் அடைப்பது, முடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். நம் ‘தீர்’ என்னும் வினையை வைத்துக்கொண்டால் முக்கால்வாசி விளங்கிவிடும்: தீர்ப்பும் அதில்தான், கடன் தீர்ப்பதும் அதில்தான். வெள்ளித் தொழுகை முடிந்ததும் கலைந்து செல்லுங்கள் என்று சொல்லும் குர்ஆனின் 62ஆம் அத்தியாயத்தில் இவ்வினைக்கு வெறுமனே ‘முடிதல்’ என்றே பொருள். நேரம் தப்பியது என்ற சாயலே அங்கு இல்லை. உரிய நேரத்தில் செய்வது ‘அதா’, தவறவிட்டுச் செய்வது ‘களா’ என்று பிரித்தது பின்னால் வந்த சட்ட நூல்கள். தொழுகைப் பேச்சில் தமிழுக்குக் கிடைத்தது இந்தச் சுருங்கிய பொருள்தான்.

ஒரே எழுத்து ஓரிடத்தில் ஜகரமாகவும் இன்னோரிடத்தில் ளகரமாகவும் ஏன் ஆனது? பாரசீகர் அந்த அரபு எழுத்தை ‘ஸ’ போல அதிர்வுடன் ஒலித்தார்கள். தமிழ் அதை ஜகரமாக்கிக்கொண்டது. நவாபு, கும்பினி ஆட்சிகளின் கச்சேரி மொழி வழியே வந்த ஆஜர், ஜப்தி, ஜில்லா எல்லாம் அந்த வரிசை. காயல்பட்டினம், கீழக்கரை வழியாகக் கடலில் வந்த சொற்கள் வேறு மாதிரி: களா, பர்ளு, ஒளு, ரமலான். இலங்கையில் ரமழான். அரசு விடுமுறைப் பட்டியலின் ‘ரம்ஜான்’ தரைவழி வந்தது.

எட்டாம் நூற்றாண்டு இலக்கணி சீபவைஹி, இந்த எழுத்து நாவின் பக்கவிளிம்பும் கடைவாய்ப் பற்களும் சேருமிடத்தில் பிறப்பதாக எழுதினார். ஏறத்தாழ லகர ளகர இனம். இன்று பெரும்பாலான அரபிகள் அதைத் தடித்த ‘த’வாகவே ஒலிக்கிறார்கள். காஜியைக் குறிக்கும் அதே அரபுச் சொல் ஸ்பானியத்தில் ‘அல்கால்தே’ ஆனபோது லகரம் ஒட்டிக்கொண்டது. மலாயில் பர்ளு ‘பெர்லு’ ஆனது. தடித்த ‘த’வைக் கேட்டிருந்தால் நம் எழுத்தர்கள் தகரத்தையோ டகரத்தையோ போட்டிருப்பார்கள். ஆகவே நம் ளகரம், அரபியில் பெரிதும் மறைந்துவிட்ட ஒலியின் தடம் என்றே எனக்குப் படுகிறது.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. நண்பகல் தொழுகையை நாம் ‘லுஹர்’ என்கிறோம். அதன் முதலெழுத்து வேறு. சீபவைஹியின் கணக்கில் அது பக்கவிளிம்பு ஒலியே அல்ல. மலாயிலும் அது ‘லொஹோர்’தான். பேச்சில் இரண்டு எழுத்துகளும் கலந்த பிறகே இச்சொற்கள் கப்பல் ஏறியிருக்க வேண்டும். எந்த நூற்றாண்டில் என்று தேட, அரபு எழுத்தில் தமிழை எழுதிய, காலம் குறித்த அரபுத்தமிழ் ஏடுகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதே வழி.