மருத்துவர்கள் 296, மருத்துவர் கணக்குகள் 985

ஆயிரம் ஊழியர்கள், நூறு வகைக் கோப்புகள். யார் எதைத் திறக்கலாம் என்று ஆள்வாரியாக எழுதப் புகுந்தால் ஒரு லட்சம் முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் 1992-இல் இதற்கு ஒரு வழியை முறைப்படுத்தினார்கள். அனுமதி ஆளுக்கு அல்ல, அவர் வகிக்கும் பொறுப்புக்கு. காசாளர் கடன் பிரிவுக்கு மாறினால் பொறுப்பை மாற்றினால் போதும். அனுமதிகள் தாமாக மாறும்.

சேரக்கூடாத அதிகாரங்களைப் பிரித்துவைப்பதே இம்முறையின் பெரிய பலம். 1995-இல் பேரிங்ஸ் வங்கி 82.7 கோடி பவுண்டு இழந்து வீழ்ந்தபோது, சிங்கப்பூர் கிளையில் சந்தை வணிகத்தையும் அதன் கணக்கு முடிப்பையும் நிக் லீசன் ஒருவரே கையில் வைத்திருந்தார். இவ்விரு பொறுப்புகளும் ஒருவருக்குக் கிடைக்காது என்ற விதியைக் கணினியிலேயே பதித்துவிடலாம்.

ஆனால் கொடுப்பதில் உள்ள வேகம் திரும்பப் பெறுவதில் இருப்பதில்லை. போர்ச்சுகலின் பரெய்ரோ மருத்துவமனைக்கு 2018-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 4 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அங்கே இருந்த மருத்துவர்கள் 296 பேர்; மருத்துவர் பொறுப்பில் இயங்கிய கணக்குகள் 985. மருத்துவர் அல்லாத சில ஊழியர்களுக்கும் அந்த அனுமதி இருந்தது. அதைவிட ஆழமான கோளாறு இன்னொன்று: எந்தத் துறை மருத்துவரும் எந்த நோயாளியின் கோப்பையும் திறக்க முடிந்தது. முதலாவது நிர்வாகத்தின் அலட்சியம். இரண்டாவது முறையின் குறை. ‘மருத்துவர்’ என்ற பொறுப்புக்கு, இந்த நோயாளி யாருடைய பராமரிப்பில் இருக்கிறார் என்பது தெரியாது.

துறைக்கொன்று, வார்டுக்கொன்று எனப் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டே போனால், அவை ஊழியர்களின் எண்ணிக்கையையே மிஞ்சிவிடும். பணிநேரம், இடம், நோயாளியுடனான தொடர்பு ஆகியவற்றை அந்தந்த நொடியில் பார்த்து முடிவெடுக்கும் பண்புவழி அனுமதி முறைக்கு, அதே தர நிர்ணய நிறுவனம் 2014-இல் வழிகாட்டி வெளியிட்டது. நுட்பமான முறைதான். எனினும் “இந்தக் கோப்பை யார் யார் திறக்க முடியும்?” என்று தணிக்கையாளர் கேட்டால் சட்டெனப் பட்டியல் தர அதனால் இயலாது. பரெய்ரோவில் 985 என்று எண்ண முடிந்ததே பொறுப்புமுறை இருந்ததால்தான்.

ஆகவே பொறுப்பை அடித்தளமாக வைத்து, நோயாளியுடனான தொடர்பை அதன்மேல் நிபந்தனையாகச் சேர்ப்பதே தகும். பணி விலகும் நாளில் மனிதவளப் பிரிவின் பதிவே கணக்கை மூட வேண்டும். மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்றத் தடையைக் கடக்கும் அவசர வழி ஒன்றும் தேவை. அதைப் பயன்படுத்தியவரிடம் மறுநாளே காரணம் கேட்கப்பட வேண்டும்.