வாய்மையும் அதன் விலையும்

திருக்குறளின் வாய்மை அதிகாரத்து இரண்டாம் குறள் கிறித்தவ அறத்தோடு முரண்படுவது போலத் தோன்றும். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின்பாற்படும் என்பது அதன் கருத்து. நிகழ்ந்ததைக் கூறினும் தீங்கு பயப்பின் அது பொய்யாம் எனப் பரிமேலழகர் இதனை மேலும் வலியுறுத்தினார். மலைப்பொழிவோ ஆணையிடுதலையே விலக்கி, ஆம், இல்லை என்னும் சொற்களே போதும் என விதிக்கின்றது. புனித அகுஸ்தீனார் 395ஆம் ஆண்டையொட்டிப் பொய்யைப் பற்றி இலத்தீனில் இயற்றிய நூலில், பிறன் உயிரைக் காத்தற்கும் பொய் ஆகாது என்றார். இதுகொண்டு, குறள் அருளைப் பேசுகின்றது, திருச்சபை விதியைப் பேசுகின்றது என எளிதாகப் பிரித்துவிடலாம். அப்பிரிவு பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது.

அகுஸ்தீனார் காட்டும் சான்றை நோக்குக. அவர் பிறந்த தகாஸ்தே நகரில் முன்னாளில் பிர்முஸ் என்னும் மேற்றிராணியார் இருந்தார். அடைக்கலம் புகுந்த ஒருவனை அவர் ஒளித்து வைத்திருந்தார். பேரரசனின் ஏவலர் வந்து வினவியபோது, பொய் சொல்லவும் தம்மால் இயலாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் இயலாது என்று விடையிறுத்தார். வதைகள் பல செய்தும் அவர் நிலை மாறவில்லை. முடிவில் அரசனே வியந்து, ஒளிந்திருந்தவனை மன்னித்தான் என்பர். இங்கே அடைக்கலம் புகுந்தவனும் கெடவில்லை, வாய்மையும் கெடவில்லை. இரண்டுக்கும் உரிய விலையை மேற்றிராணியாரின் உடல் கொடுத்தது. பொய், காட்டிக்கொடுத்தல் என இரண்டே வழிகள் உண்டென்று கருதுவோர் இம்மூன்றாம் வழியைக் காணாது விடுகின்றனர்.

இவ்வழியில் நடந்தோரைப் பினாங்குக் குருமடத்தின் வரலாற்றில் காணலாம். 1665இல் சயாம் நாட்டு அயுத்தியாவில் தொடங்கிய அக்குருமடம் 1808இல் பினாங்குத் தீவில் நிலைபெற்றது. புலாவ் தீக்குசில் நெடுங்காலம் நடந்து, பின்னர் தஞ்சோங் பூங்காவுக்கு மாறியது. ஆசிய நாடுகள் பலவற்றினின்று வந்த மாணவர் அங்கு இலத்தீன் மொழியில் பயின்றனர். அவருள் ஒருவர் வியட்நாமியரான பிலிப்பு மின். குருவாகித் தாயகத்தில் தொண்டாற்றிய அவர், 1853இல் ஓர் இல்லத்தில் மறைந்திருந்தார். வேறொரு குருவைத் தேடிவந்த சேவகர் வீட்டுக்காரரை வருத்தினர். தேடப்பட்ட பெயர் மின்னுடையதன்று. எனினும் அவர் வெளியே வந்து, தாமே குரு என்றார். அவ்வாண்டு சூலை 3ஆம் நாள் அவர் தலை துணிக்கப்பட்டது. 1988இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அக்குருமடத்தில் முன்னர் ஆசிரியராயிருந்த சஸ்தான் என்னும் பிரெஞ்சுக் குருவும், 1839இல் கொரியாவில், தம் பொருட்டு மக்கள் வதைபடாதிருக்கும்படி மேற்றிராணியார் சொற்படி சரணடைந்து உயிர் கொடுத்தார்.

ஈண்டு ஒரு தடை எழும். கொரியாவில் இக்குருமார் துக்கங்காப்போர் உடையணிந்து முகம் மறைத்து நடமாடினர். இது பொய்யன்றோ? பொய் சொல்லுதல் வேறு, உண்மையை மறைத்தல் வேறு என அகுஸ்தீனார் பிரித்தார். ஒளிந்திருத்தல் மறைத்தலில் அடங்கும். மாறுவேடமோ எல்லைக்கோட்டின்மேல் நிற்கின்றது. அதனை முற்றும் குற்றமற்றதெனச் சாதிப்பது நேர்மையாகாது. ஆயினும் தம் மறைவு பிறர்க்குத் தீங்காய் முடிந்தபோது அவர்கள் அதனைக் களைந்தனர் என்பது கருதத்தக்கது.

இனிக் குறளுக்கு மீள்வோம். நன்மை என வாளா கூறாது, குற்றம் தீர்ந்த நன்மை என வள்ளுவர் அடை கொடுத்தார். தன் பிழையை மறைத்தற்கும், கடனுக்குத் தவணை சொல்லுதற்கும், தன் கோழைமைக்கு இரக்கம் எனப் பெயர் சூட்டுதற்கும் இக்குறளைத் துணைக்கழைப்போர் அந்த அடையை நீக்கிவிட்டே பாட்டைப் படிக்கின்றனர். இவ்வதிகாரம் துறவறவியலில் நிற்பதும் நோக்கத்தக்கது. தன்னலம் துறந்தவனே அந்நன்மையை அளக்க வல்லவன்.

குறளும் அகுஸ்தீனாரும் முற்றும் ஒன்று என்பதன்று. முன்னது விளைவை நோக்கும். பின்னவர் சொல்லையே நோக்குவார். அவ்வேற்றுமை தீராது. ஆனால் பிறனைக் காட்டிக்கொடுக்கும் மெய்யுரை அறமன்று என்பதில் இரண்டும் ஒன்றுபடும். வாய்மைக்கும் அருளுக்கும் மோதல் நேருமிடத்தில் சொல்பவனே விலையாதல் வேண்டும் என்பது பினாங்குக் குருமார் காட்டிய விடை. பொய் சொல்லப் புகுவான் ஒருவன், அதன் நன்மை யாருக்கு, உண்மையின் விலைக்கு அஞ்சுவது யார் என்னும் இரு வினாக்களைத் தன்னிடம் கேட்பானாயின், வள்ளுவர் தந்த விலக்கு தனக்குரியதன்று என்பதைப் பெரும்பாலும் தானே உணர்வான்.