‘3’ படம் காட்டாத நாள்கள்

இருமுனை மனநோயைக் கதையின் நடுவில் வைத்து 2012-இல் வெளிவந்த தமிழ்ப் படம் ‘3’. ஐஸ்வர்யா தனுஷ் இயக்கிய முதற்படம். அதன் பாட்டொன்று உலகைச் சுற்றி வந்தது. படத்தின் நோயைப் பற்றிப் பேசியவர் சிலரே.

பள்ளிக் காதலை அழகாகச் சொல்லிய இயக்குநர், பிற்பாதியில் ராமின் நோயைக் காட்டும்போது தடுமாறுகிறார். ராமின் சினமும், இல்லாத உருவங்களைக் கண்டு நடுங்குவதும், இறுதியில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக் கொள்வதும் திரையை நிறைக்கின்றன. தனுஷின் நடிப்பில் குறையில்லை. நோய் கடுமையாகும்போது சிலருக்கு அத்தகைய தோற்றங்கள் வருவதும் உண்மையே. ஆயினும் இந்நோய் புயல் மட்டுமன்று. கிளர்ச்சிக்கும் சோர்வுக்கும் இடையே அமைதியான மாதங்கள், ஏன், ஆண்டுகளே உண்டு. அந்நாள்களில் நோயாளி எப்படி வாழ்கிறான்? படம் இதைக் கேட்கவே இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை வேறு பிரித்து வகுத்த ஜெர்மானிய அறிஞர் கிரெப்பலின், இடைக்காலத்தில் நோயாளி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவான் என்று கருதினார். முழுதும் அப்படியன்று. மனம் தெளிந்த நிலையிலும் பலருக்குச் சொற்களை நினைவில் வைப்பதும், திட்டமிடுவதும் கடினமாகவே இருப்பதை, 2004-இல் மார்டினெஸ்-ஆரான் குழுவினர் பார்சலோனாவிலிருந்து வெளியிட்ட ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

கோலா குபு பாரு வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். 400, 500 மரங்களை வரிசை தவறாமல் வெட்ட வேண்டும். கத்தி ஆழ்ந்தால் மரம் காயப்படும். பால் இறங்கியபின் முதல் மரத்திலிருந்து மறுபடி மங்குகளைச் சேகரிக்க வேண்டும். நடுவே மழை இருட்டினால் திட்டத்தை அக்கணமே மாற்ற வேண்டும். கவனம், நினைவு, முடிவெடுத்தல் என்று மருத்துவர் அளப்பவை இவைதாம். இவற்றில் ஒன்று தளர்ந்தவனைக் கங்காணி சோம்பேறி என்பார்; லயத்தில் ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்பார்கள். 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயர் நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நோய்க்கு லித்தியம் உதவும் என்று 1949-இல் எழுதிய ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், போர்க்காலத்தில் நமக்கு அருகிலேயே, சிங்கப்பூரின் சாங்கியில், ஜப்பானியரின் கைதியாக இருந்தவர். தளர்ந்த செயல்திறனைப் பயிற்சியால் மீட்கவும் வழி தேடினர்: ஸ்பெயினில் 239 பேரைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒன்றாக 21 வகுப்புகள் பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கை, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. ‘3’ பார்த்துத் திரும்புகிறவருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. நோயென்றால் சாவு என்ற அச்சமே மிஞ்சும். அஞ்சும் குடும்பம் நோயை ஒளிக்கும்.

ஒளிப்பதை இப்படமே தியாகமாக்கி விடுகிறதே! ராம் தன் நோயை மனைவி ஜனனியிடம் சொல்வதில்லை. அறிந்த நண்பனும் வாய் திறப்பதில்லை. அவள் துயரப்படக் கூடாதாம். அதே வீட்டில், அவன் மறந்ததை நினைவூட்டி, மருந்து வேளையைக் கவனித்து, தூக்கம் குறைந்த முதல் இரவிலேயே மருத்துவரிடம் ஓடக் கூடியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு இயக்குநர் கொடுத்திருப்பதோ அழுகை மட்டும்.