பத்து நாள் விவசாயிகள்

பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூர்ப் பக்கம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ‘குட்டி விவசாயி’ என்று ஒரு பரிசு. மேசை நெடுகத் தயிர் டப்பாக்களும் பாதியாய் வெட்டிய தண்ணீர் பாட்டில்களும். வெந்தயம், கடுகு, கொத்தமல்லி, ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு, கண்ணாடிப் புட்டியில் மணிபிளாண்ட். முதல் பரிசு பதினோரு நாள் வெந்தயத்துக்குப் போனது. நான் அதிக மதிப்பெண் போட்டது, இலையெல்லாம் பூச்சி அரித்திருந்த ஒரு கத்தரிச் செடிக்கு. “நோய் விழுந்த செடிக்கா சார் பரிசு?” என்று மற்ற இரண்டு நடுவர்களும் சிரித்துவிட்டார்கள்.

நான் முணுமுணுத்ததைக் கேட்ட தமிழாசிரியர் ஒருவர் சமாதானம் சொன்னார்: “நம்ம முளைப்பாரியும் பத்து நாள் பயிர்தானே ஐயா?” அந்தச் சமாதானம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. வெறும் ஆர்வக்கோளாறு என்றால் விட்டிருப்பேன். மரபைத் துணைக்கு இழுத்தால் எப்படி விடுவது?

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்றாம் நாள் முளை தெரிந்தால்தான் நான்காம் நாள் தண்ணீர் ஊற்றத் தோன்றும். வெந்தயத்துக்கு வாடகை வீட்டு ஜன்னலே போதும். தானே கிள்ளிக் கொடுத்த கீரையைப் பிள்ளை முகம் சுளிக்காமல் தின்னும் என்று தாய்மார்கள் சொல்வதும் நிஜம். கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு ஒரு டப்பாவைக் கையில் கொடுப்பதில் எனக்கு என்ன வருத்தம்?

என் வருத்தம், எங்கே நிறுத்துகிறோம் என்பதில்.

பஞ்சில் முளைத்த பச்சைப்பயறை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முளை பிள்ளை கொடுத்த எதையும் தின்று வளரவில்லை, தண்ணீரைத் தவிர. தாய்ச் செடி பருப்பிலையில் கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்று நிமிர்கிறது. சோறு தீர்ந்ததும் பஞ்சில் அதற்கு வேறு கதி இல்லை; தண்டு நீண்டு, வெளிறி, சாய்கிறது. அதற்குள் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாகிவிட்டது, ஆசிரியரும் கைதட்டல் பொம்மை அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி டப்பா குப்பைக்குப் போகும். செடி மண்ணைத் தேடத் தொடங்கும் நாளில் பாடத்தை முடித்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் பச்சைப்பயறு ஒன்றும் ஆண்டுப் பயிர் இல்லை. ஒரு வாளி மண்ணில் பெயர்த்து வைத்தால் அறுபத்தைந்து எழுபது நாளில் காய் முற்றிவிடும். நடுவில் மஞ்சள் பூ. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். பிற்பாடு அறிவியல் புத்தகத்தில் ரைசோபியம் என்று மனப்பாடம் செய்யப்போவது அந்த முடிச்சைத்தான். கடைசியில் ஒரு நெற்று வெடித்தால் பத்துப் பயறு. ஒன்று பத்தானது என்பதைப் பிள்ளை தன் உள்ளங்கையில் எண்ணிப் பார்த்திருக்கும். கொத்தமல்லியும் அப்படித்தான். அது குடை குடையாக வெள்ளைப் பூ பூக்கும் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அவர்களுக்குக் கொத்தமல்லி என்றால் கட்டு. தனியா என்றால் மளிகைக் கடைப் பொட்டலம். இரண்டும் ஒரே செடி என்பது பதினோராம் நாளில் தெரிய வழியில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தில் இந்தக் கூத்து நடப்பதில் ஒரு தனி வேடிக்கை உண்டு. கரிசலில் மானாவாரிப் பருத்தி போடும் சீமை இது. பருத்திக்கு ஊடே பயறு விதைத்த கிழவியின் பேரன், மருந்துக் கடையில் பஞ்சுச் சுருள் வாங்கி வந்து, அதில் பயறு முளைக்க வைத்துச் சான்றிதழ் வாங்குகிறான். கிழவியை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

மணிபிளாண்ட் இன்னும் மோசம். ‘சாகவே சாகாது’ என்பதுதான் அதற்குக் கிடைக்கும் ஒரே பாராட்டு. பிரெஞ்சு பாலினேசியாவின் மூரெயா தீவுக் கொடி அது. பூக்கத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சிப் பொருளை அதனால் வேண்டிய அளவு உண்டாக்க முடியவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அது கடைசியாகத் தானே பூத்ததாகப் பதிவான ஆண்டு 1964. ஆக, பூக்காத, காய்க்காத, புட்டிக்குள் இருக்கும்வரை குழந்தை இலையையே விட்டுக்கொண்டிருக்கும் ஒரு கொடியை, வளர்ச்சியைக் கற்றுக்கொள் என்று குழந்தை கையில் கொடுக்கிறோம். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும் என்பதையும் பிள்ளைகளுக்கென்று போடும் ‘எளிய செடிகள்’ பட்டியல்களில் பெரும்பாலும் காணோம்.

முளைப்பாரிக்கு வருகிறேன். தமிழாசிரியர் சொன்னது பாதி சரி. நாள் கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அதை யாரும் விவசாயம் என்று சொல்லிக்கொண்டதில்லை. விரதம் இருந்து, வெயில் படாமல் இருட்டறையில் வளர்த்து, கும்மி கொட்டி, தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் விடுகிற வேண்டுதல் அது. எந்த விதை நன்றாக முளைத்தது, எது சொத்தை என்று பெரியவர்கள் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொல்வதுண்டு. அதை முடித்தவர்கள் மறுபடி காட்டுக்குத்தான் போனார்கள். டப்பாப் பிள்ளைக்குப் போகக் காடு எங்கே?

எளிய செடியின் பெரிய குறை, அது தோற்காது என்பதே. சிறுவாச்சூரைச் சுற்றி யாரைக் கேட்டாலும் தோல்வியின் பெயர்களைச் சொல்வார்கள். சின்ன வெங்காயத்தில் திருகல் நோய், கோழிக்கால் நோய். 2018இல் மக்காச்சோளக் குருத்துக்குள் புகுந்த படைப்புழு. பட்டறை போட்டு வைத்த வெங்காயம் மழையில் அழுகும். அழுகாமல் தப்பினால் விலை விழும். அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான், விதை போட்டால் பத்து நாளில் பச்சைப் பசேல் என்று பள்ளிக்கூடம் சொல்லித்தருகிறது. அப்படியானால் அப்பாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று அது மனசுக்குள் கேட்டுக்கொள்ளாதா? மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். இருக்கட்டும். பூச்சி அரித்த கத்தரிக்குப் பக்கத்தில் நின்ற அந்தச் சிறுமி, “வேப்பெண்ணெய் அடிச்சோம், முதல்ல போச்சு, அப்புறம் திரும்ப வந்துடுச்சு” என்றாள். அன்று அந்தக் கூடத்தில் நான் கேட்ட ஒரே விவசாயப் பேச்சு அதுதான்.

எல்.கே.ஜி.யில் வரும் ‘ஜி’ ஜெர்மன் மொழியில் தோட்டம். 1840இல் ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டியபோது உவமைக்காக மட்டும் சூட்டவில்லை. பிள்ளைக்கு ஒரு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாய்ச் சில பாத்திகள் என்று நிஜமான மண்ணைத்தான் கொடுத்தார். நம் எல்.கே.ஜி.க்களில் முற்றம் முழுக்க சிமெண்ட் கல் பதித்தாயிற்று. வருஷத்துக்கு ஒரு நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால், வாசலில் ஒரு கன்று, ஒரு பதாகை.

அந்த ஜூன் 5ஐயும் விடுவதற்கில்லை. கேரளத்தில் அன்று மழை தொடங்கியிருக்கும். இங்கே கத்தரி வெயில் அப்போதுதான் முடிந்திருக்கும். ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருகிற சீமை இது. 1973 முதல் உலகம் கொண்டாடுகிறது என்பதற்காகப் பெரம்பலூர்க் கரிசல் தன் பட்டத்தை மாற்றிக்கொள்ளாது. இந்த விஷயத்தில் அரசே கொஞ்சம் தெளிவு. 2025 ஜூலையில், ஆடி பிறக்கும் சமயமாகப் பார்த்து, ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கிக் காய்கறி விதைப் பொட்டலம் கொடுத்தார்கள். மணிபிளாண்ட் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கென்றே பிறந்தது நாட்டு அவரை. ஆடியில் ஊன்றினால் காலாண்டுத் தேர்வு வரை வெறும் கொடி, வெறும் இலை. பிள்ளைக்குச் சலிக்கும், சலிக்கட்டும். பகல் நன்றாகச் சுருங்கிய பிறகுதான் பூ வைக்கும். அசுவினி ஏறும், எறும்பு பின்னாலேயே வரும். அரையாண்டு முடிந்து மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாய்க் காய். தையில் நாலு காயை முற்ற விட்டால் அடுத்த ஆடிக்கு விதை. ஆறு மாதம் யார் காத்திருப்பது என்று கேட்கக் கூடாத ஊர் சிறுவாச்சூர். திங்களும் வெள்ளியும்தான் மதுரகாளியம்மன் நடை திறக்கும் என்று தெரிந்தே மற்ற நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிற ஊர்.

கண்காட்சி முடிந்து காபி குடிக்கும்போது நிர்வாகியிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை தை மாதத்தில் வையுங்கள், பிள்ளைகள் கையில் விதை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்றேன். பொறுமையாகத்தான் கேட்டார். “ஜனவரியில ஆண்டு விழா ஒத்திகை இருக்கும் சார்” என்றார்.