தீக்கனவும் ஊழும்: இரவிக்குட்டிப்பிள்ளைப் போர்

குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலான எல்லையூர்களும் அடங்கிய தென்வேணாட்டு நிலப்பரப்பின் கதைப்பாடல்களுள் 'இரவிக்குட்டிப்பிள்ளைப் போர்' தலையாயது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் பொருது மடிந்த வேணாட்டுத் தலைவனின் கதை இது. தாயும் மனைவியும் தீக்கனாக் கண்டு தடுக்கின்றனர். அவனோ எங்கு ஒளியினும் இறப்பு விடாது எனக் கூறிப் புறப்படுகிறான். இதனை 'விதிவழிச் சாவு' என முடித்துவிடுதல் எளிது, பொருந்துவதன்று.

கி.மு. 467இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் 'தீப்ஸுக்கு எதிராக எழுவர்' நாடகத்திலும் மகளிர் குழு எட்டியோகிளீசைத் தடுக்கிறது. ஏழு வாயில்களுள் ஒன்றில் தானே நிற்பதாக முன்னரே அறிவித்தவன் அவன். எஞ்சிய ஏழாம் வாயிலில் எதிர்நிற்பவன் உடன்பிறந்தான் என்பது பின்னரே தெரிகிறது. ஆயினும் போர்க்கவசம் கேட்கிறான். மறுக்க இடமே இல்லையெனில் மகளிர் மன்றாட்டுக்குப் பொருள் ஏது?

வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே தந்தை ஈடிப்பசின் சாபம் மகனைத் தொடர்கிறது. இங்கே தொடர்வது உடன்தலைவரின் வஞ்சகம். பொறாமையால் அவனைக் களத்தில் தனியே விட்டவர்களைப் பாடல் மறைக்கவில்லை. அனைத்தையும் ஊழெனக் கொள்ளும் திறனாய்வாளரே அவர்களைப் பழியிலிருந்து விடுவித்துவிடுகின்றனர்.